வராத நோயின் வரலாறு

நடந்தவற்றை எழுதுவதே சரித்திரம் என்பது பொதுவான எண்ணம். அரசர் முடி சூடிய நாளும், படை புறப்பட்ட நாளும், கோட்டை வீழ்ந்த நாளுமே நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாடங்களாய் இருக்கின்றன. ஆனால், நடவாமற் போன ஒன்றுக்கும் சரித்திரம் உண்டு. கெடா மாநிலத்துத் தோட்டங்களில் நம் மக்களில் மூன்று நான்கு தலைமுறையினர் அடுப்பு மூட்டி உலை வைத்தது அத்தகைய சரித்திரம் ஒன்றின் பயனால்தான் என்று நாம் கூறினால், வாசகர்கள் சற்று வியப்படையக்கூடும். அவ்வியப்பு நியாயமானதே. வந்த நோயைப் பற்றி எல்லோரும் பேசுவர்; வராத நோயைப் பற்றிப் பேசுவார் எவர்?

குருண் வட்டாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு, ஆண்டின் முதல் மாதங்களில் ஜெராய் மலையடியிலுள்ள பால் மரங்கள் கொள்ளும் கோலம் நன்கு தெரியும். மழை ஓயும். இலை பழுத்துச் சிவந்து உதிரும். வெட்டுக்காட்டில் நடப்பவரின் கணுக்கால் வரையில் சருகு மூடும். பால் குறையும், மங்கு நிறையாது, மங்கு நிறையாவிடில் சம்பள நாளன்று கையும் நிறையாது. பிறகு சில வாரங்களில் மொட்டைக் கிளைகளெங்கும் செம்பு நிறத்தில் தளிர்கள் தொங்கத் தொடங்கும். மெல்லிய, பளபளப்பான, குழந்தையின் காதுமடல் போன்ற தளிர்கள். அவை பச்சையாகித் தடித்து இலையாவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று வாரமே நமது கட்டுரையின் உயிர்நிலை.

ஏனெனில், ரப்பர் மரத்தின் தாயகமாகிய அமேசான் காட்டிலே, இத்தளிரை மட்டுமே தேடி உண்ணும் பூசணம் ஒன்று இருக்கிறது. முற்றிய இலையை அது தொற்றுவதில்லை. தளிரின்மேல் அதன் வித்து விழுந்து, சில மணி நேரம் ஈரமும் இருந்துவிட்டால் போதும். தளிர் சுருங்கிக் கருகிக் காம்போடு உதிர்ந்துவிடும். மரம் மறுபடியும் துளிர்க்கும், மறுபடியும் உதிரும். இவ்வாறு இரண்டு மூன்று முறை நேர்ந்தால் நுனிக் கிளைகள் பட்டுப்போகும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மரமே மாண்டுபோகும். ஏர்ன்ஸ்ட் ஊலே என்னும் ஜெர்மானியத் தாவர அறிஞர் அமேசான் பகுதியில் சேகரித்த இலைகளைக் கொண்டு, பெர்லினிலிருந்த பால் ஹென்னிங்ஸ் என்பவர் 1904-ம் ஆண்டில் இப்பூசணத்துக்குப் பெயரிட்டார். தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் என்று உலகம் இதனை அழைக்கிறது.

இந்நோய் இன்றுவரை மலேசியாவில் காலூன்றவில்லை. தற்செயலும், அறிவும், சட்டமும் அடுத்தடுத்துக் கைகொடுத்தமையால் அது வரவில்லை. அதை விளக்குவதற்கு முன்னர், வந்துவிட்ட நோய் ஒன்றின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதுவும் நம்மவர் கதையே.

இலங்கையின் மலைநாட்டில் தேயிலைக்கு முன் காப்பியே அரசாண்டது. தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாய்ப் புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளை வழியே காடு மிதித்து மலையேறிய நம் மக்களே அக்காப்பித் தோட்டங்களை உண்டாக்கினர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்தவர் எண்ணற்றோர். 1869-ம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சட்பொடி போன்ற புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தோட்டத்தின் தலைவராயிருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்கிலி என்னும் பாதிரியார் அதனை ஒரு புதிய பூசணம் என்று கண்டு பெயரிட்டார். காப்பித் துரு என்று இன்று வழங்கும் நோய் இதுவே.

கண்டு பெயரிட்டதோடு காரியம் நின்றுவிட்டது! துரைமார் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. காரணமும் எளிது. விளைச்சல் குறையக் குறையக் காப்பியின் விலை ஏறிற்று. விலை ஏறியதால் வரவு குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே, புதுக் காடுகளை அழித்து மேலும் மேலும் காப்பியையே நட்டனர். 1878-ம் ஆண்டளவில் காப்பிப் பயிர் சுமார் 2,75,000 ஏக்கராய்ப் பெருகியிருந்தது. நோய்க்குத் தீனி போட்டு வளர்த்தார்கள் என்றே சொல்லவேண்டும். அதே ஆண்டுகளில், அதாவது 1876 முதல் 1878 வரையில், சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று. கஞ்சிக்கு வழியற்ற நம் மக்கள் பிள்ளைகுட்டிகளுடன் இலங்கையை நோக்கித் திரண்டனர். ஊரில் நெல் செத்துவிட்டதென்று ஓடியவர்கள், காப்பி செத்துக்கொண்டிருந்த மலையில் போய்ச் சேர்ந்தார்கள்.

1880-ம் ஆண்டில் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் அரசாங்கத்தாரால் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு அப்போது இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். பூசணத்தின் வித்துக்கள் காற்றில் பறந்து இலைக்கு இலை, தோட்டத்துக்குத் தோட்டம் பரவுகின்றன என்பதை அவர் சோதனையால் நிலைநாட்டினார். ஒரே பயிரை இடைவெளியின்றி மலைமலையாக நட்டது அவ்வித்துக்களுக்கு இராஜபாட்டை போட்டுக் கொடுத்ததற்கு ஒப்பாகும் என்பதையும் எடுத்துக்காட்டினார். உண்மை தெரிந்தது, ஆனால் பதினோராண்டு கழிந்துவிட்டது. உண்மைக்கும் மருந்தைப் போலவே காலமுண்டு. 1884-ம் ஆண்டில் காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. ஆண்டொன்றுக்குப் பத்துக்கோடி இராத்தல் அளவுக்கு ஏற்றுமதியான காப்பி, 1889-ம் ஆண்டளவில் சுமார் ஐம்பது இலட்சம் இராத்தலாய்ச் சுருங்கிற்று.

துரைமார் பட்ட நட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் உண்டு. மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்றுபோன தொழிலாளியின் நட்டத்தை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. வந்த வழியே திரும்பி நடந்தவர் பலர். தேயிலை நடத் தொடங்கிய தோட்டங்களில் கொழுந்து பறிக்கத் தங்கியவர் பலர். இன்னும் சில துரைமார் இலங்கையை விட்டு மலாயாவுக்கு வந்து மறுபடியும் காப்பியையே நட்டார்கள். அவர்களுக்குப் பின்னே தமிழரும் வந்தனர். இங்கே துருவுக்குப் பதிலாகப் பச்சைப் புழுவொன்று இலைகளை மொட்டையடித்தது. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலையையும் தின்றது. தொழிலாளியைப் பொறுத்தவரை, புழு தின்றாலென்ன, சந்தை தின்றாலென்ன?

நிற்க. அக்காலத்தில் நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது, ஜெரஜாக் தீவில் அவர்களை நிறுத்திவைத்துக் குவாரண்டைன் என்று நாட்கணக்கில் காவல் செய்தனர். வாந்திபேதியும் அம்மையும் ஊருக்குள் நுழையக் கூடாதென்பதே நோக்கம். நோக்கத்தில் குறைகாண நாம் முற்படவில்லை; நடத்திய முறையைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம். இங்கே நாம் கவனிக்கவேண்டியது வேறு. மனிதனை நிறுத்திச் சோதித்த அதே உலகம், செடியை எவரும் கேளாமல் கடல் கடந்து போக விட்டது. கூலிக்காரன் மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்கள், துரையின் கன்றுப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. 1847-ம் ஆண்டில் பென்சன் என்னும் கனவான் கல்கத்தாவிலுள்ள ஒரு தோட்டத்தில் வேடிக்கையாக விட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தை, 1900-ம் ஆண்டில் இலங்கையிலும், பின்னர் மலாயாவிலும் புகுந்து, இன்று மழை நாளில் நம் கீரைப் பாத்திகளை மொட்டையடிப்பதற்கும் அந்த அசட்டையே காரணம்.

இப்போது ரப்பருக்கு வருவோம். 1876-ம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டனையடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவை சுமார் 2,700. அவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு, 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-ல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு, காண்பவர் சட்டைப் பையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணித்தார். அவரைப் பைத்தியக்காரர் என்றே பலர் நகைத்தனர். 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் துணிந்து நட்டார். பின்னர் நடந்ததை நாம் சொல்ல வேண்டுவதில்லை. சுங்கை பட்டாணியும் பீடோங்கும் குருணும் தமிழ்ப் பேச்சு ஒலிக்கும் ஊர்களானதே அதற்குச் சான்று.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நின்று சிந்திக்கவேண்டும். அமேசானிலிருந்து ரப்பர் வந்தது. அதன் நோய் ஏன் வரவில்லை? விக்காம் நோயைப் பற்றி ஏதும் அறிந்தவரல்லர். அந்நோய்க்கு அப்போது பெயரே கிடையாது. ஆனால், அவர் கொண்டுவந்தது விதை, கன்றன்று. பூசணம் வாழ்வது இலையில். விதைகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து, குளிர்ந்த இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத்தில் முளைத்து, அங்கேயே இலைவிட்டு, அவ்விலை நோயற்றதாய் இருந்த பின்னரே கிழக்கே புறப்பட்டன. ஜெரஜாக் தீவில் நம் பாட்டன் இருந்ததைப் போல, ரப்பர் கன்று கியூ தோட்டத்தில் குவாரண்டைனில் இருந்தது. இருத்தியவர்களுக்கே அது தெரியாது! மலாயாவின் கோடிக்கணக்கான பால் மரங்கள் நோயின்றி நின்றது இந்த அறியாத காவலால்தான்.

நோய் எத்தகையதென்பதை அமெரிக்கக் கண்டத்தார் கைப்பட உணர்ந்தனர். சூரினாமில் டச்சுக்காரர் வரிசை வரிசையாக ரப்பர் நட்டனர். 1917-ல் ஸ்டாஹெல் என்னும் அறிஞர் அந்நோயைப் பற்றி விரிவான ஆராய்ச்சியை வெளியிட்டபோது, அத்தோட்டங்கள் அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. பிரிட்டிஷ் கயானாவிலும் திரினிடாடிலும் நோய் தலைகாட்டிற்று. இவற்றையெல்லாம் கண்ட பின்னும், மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு 1920-களின் பிற்பகுதியில் அமேசானின் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் 'போர்டுலாந்தியா' என்ற நகரத்தையே எழுப்பி ரப்பர் நட்டார். ஆஸ்பத்திரி கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார், மரங்களை மட்டும் நெருக்கி நட்டார். கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்த ஆண்டிலே நோய் தீயெனப் பரவிற்று. 1934-ல் பெல்தெரா என்னுமிடத்தில் மீண்டும் தொடங்கினார். அங்கும் அதே கதி. 1945-ல் எல்லாவற்றையும் பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டு வெளியேறினார்கள். உலகத்துக்கே கார் செய்து கொடுத்தவருக்குத் தன் சக்கரத்துக்கு ரப்பர் விளைவிக்க முடியவில்லை.

இதிலுள்ள நுட்பம் இதுதான்: காட்டில் ரப்பர் மரம் தனித்தனியே நிற்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நூறு வகை வேறு மரங்கள் இருக்கின்றன. பூசணத்தின் வித்து ஒரு மரத்தை விட்டு இன்னொன்றை அடைவது அரிது. தோட்டத்திலோ மரங்கள் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பதைப் போல வரிசையாக, தோளோடு தோள் நிற்கின்றன. அதிலும் நம் நாட்டு மரங்கள் விக்காம் கொண்டுவந்த சிறு கூட்டத்தின் வழிவந்தவை. ஒட்டுக் கட்டும் முறை பரவிய பின்னர், ஒரே தாய்மரத்தின் மொட்டிலிருந்து ஆயிரமாயிரம் ஏக்கர் உண்டாயிற்று. தோட்டத்து மக்கள் 'அறுநூறு' என்று அழைக்கும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 இனத்தைப் பால் வெட்டியவர் எவரும் மறவார். பால் தருவதில் சிறந்தது. ஆயினும் இலைக்கருகலுக்கு எதிரே நிற்கும் வலிமை அதற்கில்லை. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் ஒரு மாநிலத்தையே வீழ்த்திவிடக்கூடும் என்பது இதன் பொருள்.

ஆகாய விமானம் வந்த பிறகு அபாயம் பன்மடங்காயிற்று. கப்பலில் வாரக்கணக்கில் வந்தால் வழியிலேயே வித்து செத்துவிடும். விமானத்திலோ, அமேசானில் காலையில் உடுத்திய சட்டையை மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஜெராய் மலையடியில் கழற்றலாம். உலர்ந்த நிலையில் அவ்வித்து பல நாள் உயிரோடிருக்க வல்லது.

ஆதலின், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு தென்கிழக்கு ஆசிய, பசிபிக் நாடுகளுக்கான தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று வகுக்கப்பட்டு, 1956-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மலாயா சுதந்திரம் பெறுவதற்கு ஓராண்டு முன்னரே இது நடந்தது. பயிர் நோய்கள் பல இருக்க, இவ்வொரு நோய்க்கென்று அவ்வொப்பந்தத்தில் அப்போது தனிப் பிரிவும் தனிப் பிற்சேர்க்கையும் இருந்தன. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 23½ பாகை, மேற்கில் 30 முதல் 120 பாகை என்று அமெரிக்க வெப்ப மண்டலத்தையே கோடு கிழித்துக் குறித்து, அங்கிருந்து ரப்பர்க் கன்றை நேரே கொண்டுவருதல் ஆகாது. ஆராய்ச்சிக்காக வேண்டுமானாலும் மண்ணைக் களைந்து, மருந்திட்டு, இரு பிரதேசங்களுக்கும் புறத்தே இடைக்காவல் நிலையமொன்றில் வளர்த்துப் பார்த்த பின்னரே கொண்டுவரலாம் என்று விதித்தனர். 1876-ல் தற்செயலாய் நேர்ந்ததை 1956-ல் சட்டமாக எழுதினார்கள்.

சட்டம் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் எண்ணாமலில்லை. 1925-ல் சட்டத்தால் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார், 1950-களில் விமானத்திலிருந்து இலையுதிர்க்கும் மருந்தை ரப்பர்க் காட்டின்மீது தெளித்துச் சோதித்தனர். நோய் ஓரிடத்தில் தென்பட்டால், சுற்றியுள்ள மரங்களின் இலை முழுவதையும் உதிர்த்து, பூசணத்துக்கு உண்ண ஏதுமின்றிச் செய்துவிடுவதே அத்திட்டம். அறிவியல் முறையில் பார்த்தால் நல்ல யோசனைதான். ஆனால், நாம் ஒன்று கேட்கிறோம்: அக்காட்டின் நடுவே லயங்கள் இருந்தனவே? அங்கே கிணறும், குழாயடியும், தொட்டிலில் பிள்ளையும் இருந்தனவே? சோதிக்கப்பட்ட மருந்து, அவசரகாலத்தில் காட்டுப் பயிர்களை அழிக்கப் பிரிட்டிஷார் பயன்படுத்திய வகையைச் சேர்ந்தது; பின்னர் வியட்நாமில் பெரும் பழியைத் தேடிக்கொண்டதும் அவ்வகையே. நோய் வந்திருந்தால் மருந்தும் நம் மக்கள் தலைமீதே பொழிந்திருக்கும். வந்த பின் விரட்டுவதற்கும், வருமுன் தடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை லயத்து வாசலில் நின்று பார்த்தால்தான் முழுமையாய் உணரலாம்.

1981-ம் ஆண்டு நிகழ்ச்சியொன்றை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். விக்காமின் சிறு கூட்டத்தையே நம்பியிருப்பது ஆபத்தென்று கண்டு, ரப்பர் விளைவிக்கும் நாடுகளின் ஆராய்ச்சிக் கழகங்கள் ஒன்றுகூடிப் பிரேசில் அரசின் இசைவோடு அமேசானுக்கு ஒரு குழுவை அனுப்பின. ஆக்ரே, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ என்னும் மாநிலங்களில் அவர்கள் சுமார் 65,000 விதைகளைச் சேகரித்தனர். ஒரு பாதி பிரேசிலிலேயே தங்கிற்று. மலேசியாவுக்குரிய பங்கு நேரே இங்கு வரவில்லை. இங்கிலாந்தில் பிரிக்கண்டன்பரி என்னுமிடத்தில் மலேசியாவுக்கு உரியதாயுள்ள துன் அப்துல் ரசாக் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. அங்கே விதைகளைக் கழுவி, மருந்திட்டு, புதிதாய்க் கட்டிய பின்னரே இங்கே அனுப்பினர். நூற்றைந்து ஆண்டுகளுக்கு முன் விக்காமின் விதைகள் வந்த அதே வழி! அன்று நோயைப் பற்றி ஒருவரும் அறியார். இன்று அறிந்தே அவ்வழியில் போயினர். விதை விரைவில் பட்டுப்போகும் பொருள். ஒவ்வொரு நாள் தாமதமும் இழப்பு. அவ்விழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் நாம் போற்றுவது.

மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். இலங்கையைக் கெடுத்த காப்பித் துரு அட்லாண்டிக் கடலுக்கு இப்பால் நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது. 1970-ல் பிரேசிலின் பாகியா மாநிலத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கக் காப்பி நாடுகள் பலவற்றிலும் பரவிற்று. மடுல்சீமையிலிருந்து பாகியா வரை செல்ல நூறாண்டு பிடித்தது. நூறாண்டு தப்பியது நூற்றோராம் ஆண்டுக்கு உறுதியாகாது.

இன்று கெடாவின் நிலைமை வேறு. பெருந்தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. லயங்கள் இடிந்தன, நம்மவர் சுங்கை பட்டாணியிலும் குருணிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் தொழிற்சாலைகளிலும் சிதறினர். எஞ்சிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறு தோட்டக்காரர் கையில் இருக்கிறது. நாலைந்து ஏக்கரை நம்பிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் மலாய்க்காரரும் தமிழரும் சீனருமான எளிய மக்கள் அவர்கள். பெருந்தோட்டத்துக்காரன் ஒரு பயிர் போனால் மறு பயிர் நடுவான். இவர்களுக்கு அந்த வசதியில்லை. 2016 முதல் இந்தோனேசியாவிலும், அடுத்த ஆண்டு முதல் நம் நாட்டிலும் வேறொரு பூசணம் ரப்பர் இலைகளைப் புள்ளியிட்டு உதிர்த்து வருகிறது. பெஸ்டாலோசியோப்சிஸ் என்பது அதன் பெயர். அமெரிக்க நோயோடு ஒப்பிட்டால் இது சாதுவானது. ஆயினும், இலையுதிர் காலமல்லாத மாதத்தில் உதிர்ந்து கிடக்கும் சருகைக் கண்டு மரத்தடியில் நிற்கும் சிறு தோட்டக்காரரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, சாது எது, கொடியது எது என்று தரம் பிரித்துப் பேச மனம் வராது.

சட்டங்கள் இருக்கின்றன. 1976-ல் தாவரக் குவாரண்டைன் சட்டம் இயற்றப்பட்டது. 2011-ம் ஆண்டுச் சட்டத்தின்படி துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் எல்லைகளிலும் சோதிப்பதற்குத் தனி இலாகாவே ஏற்பட்டது. ஆனால், சட்டம் பெட்டியின் பூட்டைத்தான் பார்க்கும். பெட்டிக்குள்ளே என்ன வைப்பதென்பதை வீட்டிலிருப்பவர்தான் முடிவு செய்கின்றனர். நம் உறவினரான மூதாட்டி ஒருவர் தஞ்சைப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போய்த் திரும்புகையில், பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து கறிவேப்பிலைக் கன்றொன்றை வேரோடும் மண்ணோடும் ஈரச் சேலையில் சுற்றிப் பெட்டியின் நடுவே வைத்துவிட்டார். விமான நிலையத்தில் அதனைக் கண்டு வாங்கிக்கொண்டார்கள். "கஞ்சாவா கொண்டாந்தேன்? கறிவேப்பிலைதானே!" என்று அவர் இன்றும் குமுறுகிறார். கறிவேப்பிலையில் ஒட்டி வாழும் சிறு பூச்சியொன்று எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் நோயைச் சுமந்து திரிவதென்பதையும், வேரோடு வரும் ஒரு பிடி மண்ணில் என்னென்ன இருக்கக்கூடுமென்பதையும் நாம் பொறுமையோடு எடுத்துச் சொன்னோம். அவர் நம்மை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதையெல்லாம் அந்தப் பிள்ளை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றார்.

அவர் சொன்னது நியாயம். எதற்காகப் பறிக்கிறோம் என்று நம் மொழியில் நாலு வார்த்தை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அடுத்த வாரமே குருண் சந்தையில் கறிவேப்பிலைக் கன்றொன்றை வாங்கி வந்து வாசலில் நட்டுவிட்டார். அது நன்றாகத் தழைத்திருக்கிறது. தஞ்சாவூர்க் கறிவேப்பிலையின் மணம் இதற்கில்லை என்பதில் மட்டும் அவர் பிடிவாதமாய் இருக்கிறார்.